ரயிலும் படகும் விமானமும் இப்போது யார் கையில்? வடக்கு இலங்கை பற்றி நம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் பல குடும்பங்களுக்கு அந்தக் கரையில் சொந்தபந்தம் உண்டு, மண்டபம் அகதிகள் முகாமில் இருப்பவர்களுக்கு ஊரே அங்கேதான். போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்கப்புறம் அங்கே போக்குவரத்து எப்படி மாறியது, எது இன்னும் சீருடைக்காரர்கள் கையில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

ராணுவப் போக்குவரத்தை சிவில் நிர்வாகத்திடம் ஒப்படைப்பது என்றால் என்ன? வண்டியையும் படகையும் கொடுத்துவிடுவதுதானே?

அது சின்ன பாகம். படகின் சாவியை ஒரு நாளில் கொடுத்துவிடலாம், ரிப்பன் வெட்டி போட்டோவும் எடுத்துவிடலாம். யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது, எத்தனை மணிக்குக் கிளம்பும், டிக்கெட் எவ்வளவு என்பதை யார் முடிவு செய்கிறார்கள், படகு வரவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் போய்ச் சத்தம் போடலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேப்டன் சட்டை மாறியும் இந்த முடிவுகள் ராணுவ முகாமுக்குள்ளேயே எடுக்கப்பட்டால் ஒப்படைப்பு நடக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

பயணிகளை ஏற்றுவது ராணுவத்தின் வேலையே இல்லையே, அங்கே எப்படி அந்த நிலை வந்தது?

பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டதால். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் 1990-ல் வடக்கே நின்றுபோனது. ஏ9 சாலை, அதாவது கண்டியிலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஒரே பெரிய சாலை, போர் நிறுத்தக் காலத்தில் 2002-ல் திறந்தது, 2006 ஆகஸ்ட் 11-ம் தேதி மறுபடி மூடியது. அப்புறம் யாழ்ப்பாணம் தரைவழி இல்லாத தீவு மாதிரி ஆகிவிட்டது. ஊரைவிட்டு வெளியே போக ராணுவத்திடம் அனுமதிப் பத்திரம் வாங்க வேண்டும், வாங்கினால் திருகோணமலைக்குக் கப்பல் அல்லது யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பு பக்கத்து ரத்மலானைக்கு விமானம். அந்த விமானத்தையும் தனியார் ஓட்டுவது எளிதாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் பக்கம் கடலில் விழுந்து அதில் இருந்த எல்லோரும் இறந்துபோனார்கள். இலங்கை விமானப்படைக்கு 1983 முதலே ஹெலிடூர்ஸ் என்ற பயணிகள் பிரிவு இருந்தது. டிக்கெட் விற்றதும் விமானப்படை, ஓட்டியதும் விமானப்படை.

ஒரு பிரசவத்துக்கும் ஒரு சாவு வீட்டுக்கும் ராணுவ முகாமில் போய்க் கேட்டுத்தான் பயணம் என்று வருஷக்கணக்கில் வாழ்ந்த சனங்கள் அவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

இதற்கெல்லாம் சர்வதேச சட்டத்தில் விதி இல்லையா?

இருக்கிறது, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1907 ஹேக் விதிகளில் 53-வது பிரிவு, ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டின் நிலத்தைப் பிடித்து அங்குள்ள போக்குவரத்துச் சாதனங்களை எடுத்துக்கொண்டால், சமாதானம் வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், நஷ்ட ஈடும் தர வேண்டும் என்கிறது. இலங்கையில் நடந்தது உள்நாட்டுப் போர், படையும் அதே நாட்டுப் படை, அதனால் அந்த விதியை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

ஐரோப்பாவில் உள்ள கொசோவோவில் வேறு மாதிரி. 1999 ஜூன் 10-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை போட்ட 1244-வது தீர்மானம், பொது ஒழுங்கு, கண்ணிவெடி அகற்றுவதை மேற்பார்வை செய்வது போன்ற வேலைகளைப் படையிடம் கொடுக்கும்போதே, சிவில் தரப்பு பொறுப்பேற்கும் வரை மட்டும் என்று எழுதிவிட்டது. இந்த 'வரை' என்ற சொல் இலங்கையில் எந்தக் காகிதத்திலும் இல்லாததால்தான் ஒவ்வொரு சாலைக்கும் ஒவ்வொரு இறங்குதுறைக்கும் தனித்தனியாகப் போராட வேண்டி வந்தது என்பது என் எண்ணம்.

ஏ9 சாலை எப்போது சாதாரண சாலை ஆனது?

ஒரே நாளில் ஆகவில்லை. போர் முடிந்ததும் முதலில் ராணுவக் காவலோடு கான்வாய், அப்புறம் மெல்ல மெல்லத் தளர்வு. ஓமந்தையில் பெரிய சோதனைச் சாவடி இருந்தது, அது 2015-ல்தான் எடுக்கப்பட்டது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2014 அக்டோபரில் மறுபடி ஒரு கட்டுப்பாடு வந்து, 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் நீங்கியது. சாலை தார் போட்டுப் பளபளப்பாக இருந்தது, அதன் ஓரத்தில் ராணுவம் நடத்திய டீக்கடைகள்கூட இருந்தன, ஆனால் போவோர் வருவோரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தது ராணுவம்தான்.

ரயில்?

இதுதான் ஒழுங்காக நடந்த ஒன்று. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் போரிட்ட தரப்புகள் பிடுங்கிப் பங்கர் கட்டப் போட்டுவிட்டன, பாதையெல்லாம் கண்ணிவெடி. வெடி அகற்றினார்கள், இந்தியக் கடனுதவியில் நம் இர்கான் நிறுவனம் பாதை போட்டது, 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 அக்டோபர் 13-ல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று ரயில் நகர்ந்தது. நமக்கு எதிரே இருக்கும் தலைமன்னார் பியருக்கு, அதாவது கப்பல் துறைக்கு, 2015 மார்ச் 14-ல் வந்தது, பிரதமர் மோடி அங்கே போய்க் கொடி அசைத்தார்.

ஏன் சிக்கல் இல்லாமல் நடந்தது? வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. இலங்கை ரயில்வே திணைக்களம் போர் நடந்தபோதும் தெற்கில் ஓடிக்கொண்டேதான் இருந்தது, டிரைவர், கார்டு, டைம்டேபிள், கட்டண விதி எல்லாம் அவர்களிடம் இருந்தது, பாதையை நீட்டியதும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் காங்கேசன்துறைக்கு ரயில் வந்தபோது அந்த ஸ்டேஷனைச் சுற்றி, 1990-ல் விரட்டப்பட்ட மக்களின் காணிகள் பல இன்னும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், அதாவது ராணுவம் பிடித்து வைத்திருந்த பகுதிக்குள்தான் கிடந்தன. ஸ்டேஷன் வந்துவிட்டது, ஏறி இறங்க வேண்டியவர்களின் வீடு வரவில்லை.

பலாலி விமான நிலையம் இப்போது யாருடையது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்ததும் பயணிகளுக்குத் திறந்தார்கள். ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக, அதாவது இதே பலாலி வழியாக, சென்னைக்குத்தான். ஆக அந்த இடம் ராணுவத்திடமிருந்து சிவிலுக்கு ஒருமுறை மாறி, உள்நாட்டுப் போரில் மறுபடி ராணுவத்துக்குப் போய், இப்போது பாதி திரும்பியிருக்கிறது.

2019 அக்டோபர் 17-ல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வந்தது. ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் திருச்சி பெரிய வசதி.

பயணிகள் முனையத்தை நடத்துவது விமான நிலைய விமான சேவைகள் நிறுவனம் என்ற சிவில் நிறுவனம். விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரத்மலானைக்கும் பலாலிக்கும் நடுவே ஹெலிடூர்ஸ் விமானம் பறந்தபோது எல்லாமே ராணுவ வழியில் நடந்தது, பயணிகளை ராணுவம் ஏற்பாடு செய்த பஸ்ஸில் உள்ளே கூட்டிப்போவார்கள். அதே விமானம் திருச்சிக்கு வர முடியுமா? முடியாது. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 3-வது பிரிவு ராணுவ விமானத்தை அரச விமானம் என்று வகைப்படுத்துகிறது, தனி அனுமதி இல்லாமல் அது இன்னொரு நாட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே இந்தியாவுக்குப் பறக்க வேண்டும் என்றால் சிவில் விமானம் வேண்டும், சிவில் முனையம் வேண்டும், குடிவரவு, சுங்கம், சுகாதாரம் என்று அரசின் சாதாரண அலுவலகங்கள் எல்லாம் வந்து மேசை போட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் பாதை என்பதால்தான் பலாலி திறந்தது. உள்ளூர் சனங்கள் மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் திறந்திருக்காது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அதற்குச் சாட்சி பக்கத்துச் சாலையே. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி, விமான நிலையம் திறந்து ஐந்து வருஷத்துக்கு அப்புறம், 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது, அதுவும் நேரக் கட்டுப்பாடு உள்ளிட்ட நிபந்தனைகளோடு. சென்னையிலிருந்து வருகிறவர் இறங்கி வெளியே போக முடிந்தது, பக்கத்து ஊர்க்காரர் தன் பழைய சாலையில் சைக்கிள் ஓட்ட முடியவில்லை.

காங்கேசன்துறைக் கப்பல்?

அதே கதை. துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை இந்திய உதவியோடு அகற்றினார்கள், துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6 கோடி டாலருக்கு மேல் மானியமாகத் தர ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து செரியபாணி கப்பல் போனது, சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. பயணிகள் கப்பல் வரும் என்றால் குடிவரவு அதிகாரி வேண்டும், சுங்கம் வேண்டும், அதெல்லாம் வந்ததும் துறைமுகத்தின் அந்த மூலையாவது சிவில் ஆகிவிடுகிறது.

மண்டபம் முகாமிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயகம் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தில்தான் அனுப்பப்பட்டார்கள், முப்பது வருஷமாகச் சேர்த்த பாத்திரம், தையல் மெஷின், கட்டில் எதையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது. 2011-ல் தூத்துக்குடி–கொழும்பு ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பல் சில மாதம் ஓடியபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒரு தொகுதி ஆட்களை அதில் அனுப்பி வைத்தது. அந்த வழி நின்றுபோனது பெரிய இழப்பு. கப்பல் வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது.

நெடுந்தீவுக்குப் படகை நேவிதான் ஓட்டுகிறதாமே?

ஆமாம், எல்லாப் படகையும் அல்ல. யாழ்ப்பாணத் தீவுகளில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரக் கடல். குமுதினி என்ற பழைய படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, அது அரசின் சாலைத் துறை. 1985 மே 15 அன்று அந்தப் படகை மறித்துக் கடற்படையினர் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நெடுந்தீவில் ஒவ்வொரு வருஷமும் நினைவுகூர்கிறார்கள்.

போருக்கப்புறம் வடதாரகை என்ற படகு வந்தது. அதுவும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சொத்து, ஓட்டுவது கடற்படை. காகிதத்தில் பார்த்தால் சிவில். சுக்கான் பிடிப்பது சீருடை. குமுதினியில் சொந்தங்களை இழந்த ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் படகில் ஏற வேண்டும். அந்த மாலுமிப் பையன் பிறந்ததே 1985-க்கு அப்புறமாக இருக்கலாம், பாட்டியின் கையைப் பிடித்து ஏற்றிவிடும் நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம், நான் அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு வேறு படகு இருக்க வேண்டும் என்கிறேன்.

அப்படி ஒன்று வந்தது. நெடுந்தாரகை, ஆஸ்திரேலிய உதவியில், உலக வங்கித் திட்டத்தின் கீழ், 2017-ல் நெடுந்தீவுப் பிரதேச சபையிடம் கொடுக்கப்பட்டது. பிரதேச சபை என்றால் நம்மூர் பேரூராட்சி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை வாடகையும் வரியும்தான் வருமானம், அதில் ஒரு கப்பலுக்கு டீசல் போட வேண்டும், இஞ்சின் பழுது பார்க்க வேண்டும், வருஷா வருஷம் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். நம் பாம்பனில் விசைப்படகு வைத்திருப்பவரைக் கேளுங்கள், படகு வாங்கும் பணத்தைவிடப் படகைக் காப்பாற்றும் பணம் எவ்வளவு என்று சொல்வார். கொடுத்தவர்கள் படகோடு பத்து வருஷப் பராமரிப்புக்கும் பணம் எடுத்து வைத்திருக்க வேண்டும். சின்ன சபையின் தலையில் பெரிய கப்பலை வைத்துவிட்டு, பழுதாகி நிற்கும்போது 'பார்த்தீர்களா, நேவி இருந்தால்தான் ஓடும்' என்று சொல்வது சரியே இல்லை.

வாங்கிக்கொள்ள வேண்டிய சிவில் நிர்வாகம் யார்? அது சரியாக இருக்கிறதா?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. 1987-ல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களை ஒழுங்குபடுத்துவதும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளும், பாலங்களும், அவற்றைச் சேர்ந்த படகுத்துறைகளும் மாகாண சபையின் வேலை. ஆனால் வட மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013 செப்டம்பரில்தான் நடந்தது. சபை 2018 அக்டோபரில் காலாவதியானது, அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் மாகாணத் தேர்தல் இல்லாமல் ஆளுநர் ஆட்சி. போர் முடிந்த வருஷத்திலிருந்து 2015 ஜனவரி வரை ஆளுநராக இருந்தவர் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6-ல் தேர்தல் நடக்கும் வரை மக்கள் பிரதிநிதி இல்லாமல் இருந்தன.

அதாவது ராணுவம் நல்ல மனதோடு நீட்டினால்கூட, வாங்கிக்கொள்ளும் கையில் ஓட்டுப் போட்ட ஆட்கள் இல்லாத வருஷங்கள் பல. அதிகாரிகள் இருந்தார்கள், அரசாங்க அதிபர் இருந்தார், அது நம் கலெக்டர் மாதிரியான பதவி. கலெக்டர் ஆபீஸ் வேலை செய்யும். ஆனால் அடுத்த தேர்தலில் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கலெக்டரிடம் சொல்ல முடியாது.

நேவி நேரத்துக்கு ஓட்டுகிறது, டிக்கெட்டும் குறைவு. ஏன் மாற்ற வேண்டும்?

இப்படிக் கேட்பவர்களும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போன நம் ஆட்கள் இலங்கைக் கடற்படை குடிதண்ணீர், இறங்குதுறை, பாதுகாப்பு எல்லாம் ஏற்பாடு செய்வதைப் பார்த்திருப்பார்கள், 2016-ல் அங்கே புதிய கோயிலைக் கட்டியதே கடற்படைதான். இரண்டு நாள் திருவிழாவுக்கு அது சரி.

தினசரி வாழ்க்கைக்கு அது சரிவராது. கடற்படைக்கு முதல் வேலை கடற்படை வேலை, ரோந்துக்கு ஆள் வேண்டும் என்றால் படகு நிற்கும், ஏன் நின்றது என்று கேட்க முடியாது. இன்னொன்று, ராணுவம் ஓட்டும் படகுக்குச் செலவுக் கணக்கு மக்கள் கண்ணுக்குத் தெரியாது, சம்பளமும் டீசலும் பாதுகாப்பு பட்ஜெட்டில் போய்விடும், அதோடு போட்டி போட்டு உள்ளூர்ப் படகுக்காரர் பிழைக்க முடியாது. நயினாதீவுக்குத் தனியார் படகுகள் ஓடுகின்றன, நாகபூஷணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்களை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

மற்ற நாடுகளில் எவ்வளவு காலம் ஆனது?

கொசோவோவின் பிரிஷ்டினா விமான நிலையத்தை 1999 முதல் நேட்டோ படை நடத்தியது. 2004 ஏப்ரல் 1-ல்தான் ஐ.நா. சிவில் நிர்வாகத்துக்குப் போனது, அதற்கு முன் ஐஸ்லாந்து ஆட்கள் தலைமையேற்று உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நிலையம் மாறியும் மேலே உள்ள வானம் மாறவில்லை, உயர வான்வெளி 2014 ஏப்ரலில்தான் சிவில் விமானங்களுக்குத் திறந்தது, அதையும் ஹங்கேரியிலிருந்து கட்டுப்படுத்துகிறார்கள். பெர்லின் இன்னும் நீளம்: 1945-ல் வந்த நேச நாடுகள் அந்த நகரத்து வான்வழியை ஜெர்மனி ஒன்றுசேரும் வரை, 1990 வரை, தங்கள் கையிலேயே வைத்திருந்தன, லுஃப்தான்சா மேற்கு பெர்லினுக்குப் பறக்க முடியாது. தரையைவிட வானம் தாமதமாகத்தான் திரும்புகிறது.

உச்சிப்புளியில் நம் நேவி விமானத் தளம் இருக்கிறதே, அங்கே பயணிகள் விமானம் வந்தால் இதே மாதிரியா?

இல்லை. உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து இந்தியக் கடற்படைத் தளம், நம் பக்கம் போர் நடக்கவில்லை. பயணிகள் விமானம் வரலாம் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. வந்தால் கோவா டபோலிம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் போலக் கடற்படையின் ஓடுபாதையில் பயணிகளுக்குத் தனி இடம் ஒதுக்குவார்கள். அது பங்கிட்டுக்கொள்வது, ஒப்படைப்பு அல்ல.

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் மறுபடி வருமா?

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை 1980-களில் போர் நிறுத்தியது. இப்போது அந்தக் கரையில் பியர் வரை ரயில் இருக்கிறது, இந்தக் கரையில் 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்துவிட்டது. நடுவில் கப்பல் மட்டும் இல்லை.

எனக்கு இதில் ஆசை அதிகம், காரணம் பலாலியைப் பற்றிச் சொன்னதுதான். தலைமன்னார் பியரில் குடிவரவு மேசையும் சுங்க மேசையும் வந்துவிட்டால், அங்குள்ள மக்களுக்கும் அது பொதுத் துறைமுகமாக மாறும். ஆகவே கப்பல் கேட்டு மனு கொடுக்கிறவர்கள் இங்கே கலெக்டரிடம் மட்டும் கொடுத்தால் போதாது, மன்னார் மாவட்டச் செயலகத்துக்கும் அங்குள்ள பிரதேச சபைக்கும் ஒரு பிரதி போக வேண்டும். கப்பல் எத்தனை மணிக்கு, எவ்வளவு சாமான், முகாமிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்ற மூன்றையும் அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள்.